சிலையும் சான்றும்

இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வொப்பிங், முற்காலத்திற் கடற்கொள்ளையர் தூக்கிலிடப்பட்ட துறையாகும். கப்டன் கிட் 1701 இல் உயிர்துறந்ததும் ஆங்கேயாம். 2020 ஆம் ஆண்டில் அத்துறையிலே ஆன் பொனி, மேரி றீட் என்னும் இரு கடற்கொள்ளைக்காரிகளின் சிலைகள் திறந்துவைக்கப்பட்டன. சிற்பி அமாண்டா கொட்டன் அவ்விருவரையும் காதலர்களாகக் கொண்டே அவற்றை அமைத்தார். இக்கருத்துக்கு வரலாறு தரும் ஆதாரம் யாது?

ஜோன் றக்கம் என்பானின் கப்பலிற் பிடிபட்ட இவர்கள், 1720 நவம்பரில் ஜமெய்க்காவில் விசாரிக்கப்பட்டனர். 1721 இல் வெளியான வழக்கறிக்கை அவர்தம் செயல்களையே பேசுகின்றது. ஆண்களின் மேற்சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, ஆயுதம் ஏந்தி நின்றனர் என்றாள் டொரதி தோமஸ் என்னும் சாட்சி. பிற கப்பல்களைத் தாக்கும்போது மட்டுமே ஆணுடை தரித்தனர் என்றனர் வேறு இருவர். கருவுற்றிருப்பதாக இருவரும் கூறியமையால் அவர்களது தூக்குத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. மேரி றீட் 1721 இற் சிறையிலே இறந்தாள். காதல் பற்றி அவ்வறிக்கையில் ஒரு சொல்லேனும் இல்லை.

காதற்கதையின் வித்து 1724 இல் கப்டன் சார்ல்ஸ் ஜோன்சன் என்னும் பெயரில் வெளிவந்த நூலிலே காணப்படுகின்றது. ஆணுடையிலிருந்த மேரியை ஆணெனக் கருதி ஆன் விரும்பினாள் என்றும், மேரி உண்மையை வெளிப்படுத்திய பின்னரும் இருவரிடையே நிலவிய நெருக்கங்கண்டு றக்கம் பொறாமையுற்றான் என்றும் அந்நூல் கூறும். ஆயின், வழக்கறிக்கையில் இல்லாத பலவற்றைச் சுவைபடப் புனைந்துரைக்கும் நூல் அது. அதனை முழுமையாக நம்புதல் தகாது.

அவ்வாறாயின் அக்காதலை முற்றாக மறுத்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. கொள்ளைக் குற்றத்தை விசாரித்த நீதிமன்றம் கைதிகளின் அன்பு வாழ்க்கையை வினவவில்லை. வினவப்படாதது ஏட்டில் ஏறவுமில்லை. ஆடவரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடியது. 1533 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் அவர்களிடையேயான உடலுறவுக்கு மரணதண்டனை விதித்தது. உயிருக்கு அஞ்சியோர் தம் உறவுக்குச் சான்று விட்டுச்செல்வர் என எதிர்பார்த்தல் இயலாது. 1983 இல் பீ. ஆர். பேர்க் என்னும் அறிஞர், கரீபியக் கடற்கொள்ளையரிடையே ஒருபாலுறவு பரவலாயிருந்தது என வாதிட்டார். சூழ்நிலையைக்கொண்டு ஊகித்தாரேயன்றி நேர்ச்சான்று காட்டினாரல்லர் என்னும் கண்டனத்துக்கும் அவர் உள்ளானார்.

ஆகவே, சான்றின்மையை இன்மைக்குச் சான்றாகக் கொள்வதும் தவறு; விருப்பத்தைச் சான்றாகக் கொள்வதும் தவறு. அச்சிலைகள் இவர்கள் காதலர் என்பதை நிறுவமாட்டா. எனினும், நீதிமன்றம் கேளாது விட்ட வினாவை மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் அவை எழுப்பின. டெவன் கரையோரத்துப் பேர் தீவில் அவற்றை நிலையாக நிறுவ எடுத்த முயற்சி உள்ளூர் எதிர்ப்பினாற் கைகூடவில்லை. இடம் மறுக்கப்பட்டது சிலைக்கே; வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு வரலாற்று மாணவரைச் சார்ந்தே நிற்கின்றது.