காடைக்குஞ்சு வளர்ப்பும் விற்பனையும்

ஜப்பானியக் காடையின் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஒரு நாள் வயதிலோ இரண்டு மூன்று வாரம் வளர்த்த பிறகோ பிற பண்ணையாளர்களுக்கு விற்பது காடைக்குஞ்சுத் தொழில். தமிழ்நாட்டில் வீட்டையொட்டிய ஒரு கொட்டகை, சில அடுக்குக் கூண்டுகள், ஓர் இன்குபேட்டர் ஆகியவற்றைக் கொண்டே பலர் இதை நடத்துகிறார்கள். கறிக்காக வளர்ப்பவர் ஐந்து வாரத்தில் பறவைகளை விற்றுவிட்டுக் கொட்டகையைக் கழுவிப் பூட்டிவிடலாம். குஞ்சு விற்பவருக்கு அந்த ஓய்வு கிடையாது. தாய்க்காடைகளைப் பராமரிப்பது, முட்டை சேகரிப்பது, பொரிப்பது, குஞ்சுக்கு வெப்பம் கொடுப்பது ஆகிய நான்கு வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இவற்றில் தாய்க்காடைகளின் தரமும் குஞ்சின் முதல் வாரமும்தான் லாப நட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

வளர்ப்புக்கு உரிய இனம் கோட்டர்னிக்ஸ் ஜப்பானிகா. ஜப்பானில் முதலில் குரலுக்காகக் கூண்டில் வளர்க்கப்பட்ட இப்பறவை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முட்டைக்கும் இறைச்சிக்குமாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டது. இந்தியாவுக்கு 1974இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு தொடங்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இங்குள்ள சூழலுக்கு ஏற்ற நாமக்கல் காடை, நந்தனம் காடை ஆகிய ரகங்களை உருவாக்கியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் தாய்க்காடைகளுக்கான குஞ்சுகளை இத்தகைய மூலத்திலிருந்து வாங்குவது நல்லது. சந்தையில் கறிக்கு வந்த பறவைகளைப் பிடித்துத் தாய்க்காடையாக்கினால் அவற்றின் வயதும் தெரியாது, உறவும் தெரியாது.

உறவு தெரிந்திருப்பது காடையில் மிக முக்கியம். கோழியைவிட வேகமாகத் தலைமுறை மாறும் பறவை இது. ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடுவதால் ஓர் ஆண்டுக்குள்ளேயே பல தலைமுறை வந்துவிடும். ஒரே கூட்டத்திலிருந்து குஞ்சு எடுத்து, அதையே மீண்டும் தாயாக்கிக்கொண்டு போனால் கருக்கூடும் முட்டை குறையும், ஓட்டுக்குள்ளேயே குஞ்சு இறக்கும், பொரித்ததும் நோஞ்சானாக இருக்கும். நெருங்கிய உறவுக் கலப்பின் பாதிப்பு காடையில் கோழியைவிடக் கடுமையானது. சின்னப் பண்ணைகள் பல, வெப்பநிலையையும் தீவனத்தையும் குறை சொல்லிக்கொண்டே இந்தக் காரணத்தைக் கவனிக்காமல் விடுகின்றன. பெட்டைகளை இரண்டு மூன்று குடும்பமாகத் தனித்தனிக் கூண்டில் வைத்து, சேவல்களை மட்டும் குடும்பம் மாற்றி விடுவதும், அவ்வப்போது வெளியிலிருந்து புதிய சேவல் வாங்குவதும் இதற்குத் தீர்வு.

ஒரு சேவலுக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டை என்பது வழக்கமான விகிதம். மூன்று வாரத்தில் மார்பைப் பார்த்தே பால் பிரித்துவிடலாம்: சேவலுக்கு மார்பு செம்பழுப்பாக ஒரே நிறத்தில் இருக்கும், பெட்டைக்கு வெளிறிய மார்பில் கரும்புள்ளிகள் தெறித்திருக்கும். பருவமடைந்த சேவலின் ஆசனவாய்க்கு மேலே புடைத்திருக்கும் சுரப்பியை அழுத்தினால் வெள்ளை நுரை வரும். நுரை வராத சேவலை இனப்பெருக்கத்துக்கு விடுவதில் பயனில்லை. எட்டு முதல் பத்து வார வயதில் தொடங்கி முப்பது வாரம் வரை கிடைக்கும் முட்டைகளே பொரிப்புக்குச் சிறந்தவை.

கோழி காலையில் முட்டையிடும். காடை பெரும்பாலும் பிற்பகலிலிருந்து மாலைக்குள் இடும். ஆகவே முட்டை எடுப்பதும் மாலை வேலை. பத்து கிராம் அளவே உள்ள முட்டை, ஓடு மெல்லியது, கைபட்டாலே கீறல் விழும். பொரிப்புக்கு எடுத்து வைத்ததை ஏழு நாளுக்கு மேல் தேக்கக் கூடாது. ஓட்டின் மேல் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும் கரும்பழுப்பு நிறத்தால், விளக்கில் காட்டிக் கரு பார்ப்பதும் கடினம். அதனால் எந்த வாரத்து முட்டையில் எத்தனை பொரிந்தது என்று நோட்டில் எழுதி வைப்பதுதான் நம்பகமான வழி. சாகுபடிக் கணக்கு எழுதாத விவசாயிகூடச் சமாளித்துவிடலாம். பொரிப்புக் கணக்கு எழுதாதவர் எங்கே குறை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வளர்ப்புக் காடை அடைகாக்கும் இயல்பை ஏறத்தாழ இழந்துவிட்டது. ஆகவே இன்குபேட்டர் கட்டாயம். வெப்பம் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில், ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி, முட்டையைத் திருப்பிவிட்டபடி முதல் 14 நாள். பிறகு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 70க்கு மேல் உயர்த்திப் பொரிப்புத் தட்டுக்கு மாற்ற வேண்டும். 17 அல்லது 18ஆம் நாள் குஞ்சு வரும். ஓட்டின் அகன்ற பக்கம் முதலில் ஒரு சிறு விரிசல். சில மணி நேரம் எதுவும் நடக்காதது போலிருக்கும். பிறகு குஞ்சு உள்ளேயே சுழன்று ஓட்டை மூடி திறப்பது போல வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே விழும். இந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். மின்தடைக்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது.

பொரித்த குஞ்சின் எடை ஏழெட்டு கிராம். பழுப்பு உடலில் மஞ்சள் கோடுகள், பெருவிரல் அளவு. இவ்வளவு சிறிய உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். வெப்பத்துக்குப் போட்ட குண்டு பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால் சரி. அடைந்து மிதிபட்டுச் சாவதே முதல் வாரத்தின் பெரும் இழப்பு.

அடுத்த ஆபத்து தண்ணீர். கோழிக்குஞ்சுக்கு வைக்கும் சாதாரணத் தண்ணீர்க் கிண்ணத்தில் காடைக்குஞ்சு விழுந்து இறந்துவிடும். தட்டில் கோலிக்குண்டோ கழுவிய கூழாங்கல்லோ பரப்பி, இடுக்கில் நிற்கும் நீரை மட்டும் குடிக்க விட வேண்டும். வழுக்கும் செய்தித்தாளில் விட்டால் கால் அகன்று நிரந்தரமாக முடமாகிவிடும். சொரசொரப்பான தாளோ சாக்கோ விரிப்பது நல்லது. கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எலிக்கு அரை அங்குல இடைவெளியே போதும் என்பதை நினைவில் வைத்துக் கம்பிவலை தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு நூறு குஞ்சுக்கு 3 அடி நீளம், 2.5 அடி அகலம், 1.5 அடி உயரக் கூண்டு போதும். அதன் பிறகு நீளம் 4 அடியாகி, எண்ணிக்கை ஐம்பதாகக் குறைய வேண்டும். தீவனத்தில் புரதம் 24 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனத்தை வாங்கினால் பொடியாக உடைத்துக் கொடுக்க வேண்டும், முழுக்குருணை குஞ்சின் அலகுக்குள் போகாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் நனைந்த கூளமும் காடைக்கு ஆகாது. குடலில் புண் உண்டாக்கும் ஒரு நோய் காடையை மிக எளிதில் தாக்குவதாலேயே காடையின் பெயரால் அறியப்படுகிறது. எச்சத்தின் மூலம் பரவும். எச்சம் கீழே விழுந்துவிடும் கூண்டு முறை இதற்கு நல்ல தடுப்பு. கோழி, வாத்து உள்ள இடத்தில் காடையைச் சேர்த்து வளர்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

விற்பனையில் ஒரு நாள் குஞ்சு, வளர்த்த குஞ்சு என்று இரண்டு வகை. ஒரு நாள் குஞ்சு விலை குறைவு, இடமும் தீவனமும் மிச்சம், விற்பவருக்கு வசதி. ஆனால் குஞ்சுக்கு வெப்பம் கொடுக்கும் புரூடர் பழக்கமில்லாதவரிடம் அதைக் கொடுத்தால் பாதி செத்துப்போய், அவர் மறுபடி வாங்க வரமாட்டார். அக்கம்பக்கத்துச் சிறு வளர்ப்பாளர்களை நம்பியிருக்கும் பண்ணை, இரண்டு வாரம் தாண்டிய குஞ்சையே விற்பது சரி. விலை கூடினாலும் வாங்குபவருக்கு இழப்பு குறைவு. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், உள்ளே தடுப்பு வைத்து, விடியற்காலையில் அனுப்ப வேண்டும். சித்திரை வெயிலில் பகல் பேருந்தில் ஏற்றிய பெட்டி ஊர் போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும்.

அளவுக்கு ஓர் உதாரணக் கணக்கு: 100 பெட்டை, 40 சேவல், நாளுக்கு 75 முட்டை கிடைத்தால் வாரத்தில் 525. அவற்றில் 65 சதவீதம் பொரிந்தால் சுமார் 340 குஞ்சு. 140 பறவைக்கு நாளுக்கு நான்கு கிலோ தீவனம் ஆகும். வாரம் 340 குஞ்சுக்கு ஆள் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே 100 பெட்டை வைக்க வேண்டும்.

தேவை மாதத்துக்கு மாதம் மாறும். ஆடியில் கோயில் கொடைகளும் கறிவிருந்தும் நடப்பதால் ஆனி பிறப்பில் குஞ்சு தேடுவார்கள். புரட்டாசியில் கறி விற்பனை சரிவதால், ஐந்து வாரக் கணக்குப்படி ஆவணியில் குஞ்சு வாங்க ஆள் இருக்காது. தீபாவளிக்கு வளர்ப்பவர்கள் புரட்டாசியில் வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போடுவோரால் மீண்டும் ஒரு மந்தம். முட்டை வைத்த நாளிலிருந்து கறிக்காடை ஆகும் வரை ஏழரை வாரம் என்பதால், இன்குபேட்டரில் முட்டை அடுக்கும்போதே பண்டிகையை எண்ணிக்கொள்ள வேண்டும். மந்த மாதங்களில் பொரிக்க வைக்காத முட்டைகளைச் சாப்பாட்டு முட்டையாகக் கடைகளுக்குக் கொடுத்துத் தீவனச் செலவை ஈடுகட்டலாம்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். வயலிலும் புதரிலும் திரியும் காட்டுக் காடைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜப்பானியக் காடையும் அச்சட்டத்தின் பட்டியலில் இருந்ததால் 2011இல் புதிய பண்ணைகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. பின்னர் அந்தத் தடை விலக்கப்பட்டது. மந்த மாதங்களில் பொரிக்க வைக்காத முட்டைகளைச் சாப்பாட்டு முட்டையாகக் கடைகளுக்குக் கொடுத்துத் தீவனச் செலவை ஈடுகட்டலாம்.