விடை எதைச் சொல்கிறது? ஆனேக்கல் வகுப்பறையும் கற்றல் நோக்கோடு இசைந்த மதிப்பீடும்

கர்நாடகத்தில் 5, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவில் பொதுத் தேர்வு நடத்தலாமா என்ற வழக்கு, 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இடையே அலைந்தது. ஏப்ரலில் முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா, உரிய நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பவையே வழக்கின் மையம். தாளில் உள்ள வினாக்கள் பாடத்தின் நோக்கத்தைத் தொடுகின்றனவா என்பதை ஆராய வேண்டியது கல்வித் துறை. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற பூசலில் அந்த ஆராய்ச்சி பின்தங்கிவிடுகிறது. நோக்கத்துக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள இசைவு, ஒரு விடையைப் பார்த்து ஆசிரியர் என்ன முடிவெடுக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது; ஆகவே அதை வகுப்பறையில்தான் வடிவமைக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இச்சிந்தனை நமக்குப் புதிதல்ல. கல்வி நோக்கங்களை வகைப்படுத்தும் நூலை 1956இல் வெளியிட்ட பெஞ்சமின் புளூம், மறு ஆண்டே இந்தியாவில் தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்தினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு உருவானது. அம்முயற்சியின் எச்சமாகப் பள்ளிகளில் நிலைத்தது ‘ப்ளூ பிரிண்ட்’: அறிவு, புரிதல், பயன்பாடு, திறன் ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்ற அட்டவணை. வகுப்பில் ஏற்கெனவே தீர்த்துக் காட்டிய கணக்கைத் தாளில் ‘பயன்பாடு’ என்று குறித்தாலும், மாணவர் அதை நினைவிலிருந்தே எழுதுகிறார். அட்டவணை நிறைகிறது, நோக்கம் சோதிக்கப்படுவதில்லை. 1996இல் கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் சுட்டிக்காட்டியது இந்த இடைவெளியைத்தான்: நோக்கம் ‘விளக்குதல்’ என்றால் வகுப்பிலும் மாணவர் விளக்கிப் பழக வேண்டும், மதிப்பீட்டிலும் விளக்க வேண்டும்.

ஆனேக்கல் தாலுகாவில் இச்சிக்கல் கூர்மையாகத் தெரியும். பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி அது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஓசூர். பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளை நம்பி வெளியூர்க் குடும்பங்கள் குடியேறுகின்றன. கன்னட வழி வகுப்பிலும் வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் உண்டு. ஐந்தாம் வகுப்புக் கணக்கின் நோக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: அன்றாடச் சூழலுக்கு எந்தச் செயல்முறை பொருந்தும் என்று தாமே முடிவுசெய்து, கிடைத்த விடைக்குப் பொருள் காணுதல். ‘100 ÷ 14’ என்று கேட்டால் முடிவை ஆசிரியரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ‘ஆலைக்குப் போகும் தொழிலாளர் 100 பேர், ஒரு வேனில் 14 பேர் உட்காரலாம், எத்தனை வேன் வேண்டும்?’ என்பது நோக்கத்தைத் தொடும் வினா. 1400 என்று எழுதியவருக்குச் செயல்முறைத் தேர்விலேயே தடுமாற்றம். ‘7, மீதி 2’ என்று எழுதியவர் வகுத்தலை அறிவார். மீதமுள்ள இருவரையும் ஏற்றிச்செல்ல வேண்டும் என்பதை எண்ணவில்லை. 8 என்றவர் சூழலையும் படித்திருக்கிறார். முதல் இரண்டையும் ‘தவறு’ என்று ஒரே பூஜ்யத்தில் அடைத்தால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

வெற்றுத்தாள் கொடுத்த பிள்ளைக்கு என்ன செய்வது? வினாவை அவர் மொழியில் வாய்விட்டுச் சொன்னதும் 8 என்கிறார் என்றால், தடை கன்னட வாசிப்பில் இருக்கிறது; கணக்கில் இல்லை. கணக்கைச் சோதிக்கும்போது இவ்வுதவி முறையானது. கன்னட வாசிப்பைச் சோதிக்கும்போது அதே உதவி மதிப்பீட்டையே குலைத்துவிடும். எது சலுகை, எது நியாயம் என்பதை நோக்கமே தீர்மானிக்கிறது. மாநிலம் முழுதுக்குமான ஒரே தாளால் இந்த வேறுபாட்டைக் காண இயலாது.

மதிப்பீட்டை வகுப்பறைக்குள் வைக்கும் முன்மாதிரி கர்நாடகத்திலேயே உண்டு. 1995இல் எச்.டி. கோட்டே தாலுகாவில் தொடங்கி, பின்னர் மாநிலத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய ‘நலி கலி’ முறை, மதிப்பீட்டைக் கற்றல் ஏணியின் படிகளுக்குள்ளேயே வைத்தது. இசைவுக்கு இது வலுவான அமைப்பு. ஆனால் நோக்கத்தைச் சிறு படிகளாக நறுக்கும்போது ஓர் இடர் உண்டு: எல்லாப் படியும் ஏறிய பிள்ளை, புதியதொரு பத்தியைத் தானே படிப்பாரா என்பது தனியே சோதிக்க வேண்டியதாகிறது.

ஆசிரியர் மதிப்பீட்டை நம்ப முடியாது என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. 2009 கல்வி உரிமைச் சட்டம் வலியுறுத்திய தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு பல இடங்களில் பதிவேடு நிரப்பும் வேலையாக மாறியது; சி.பி.எஸ்.இ. 2017இல் அதைக் கைவிட்டது. ஆனால் அங்கே தோற்றது, கற்பித்தலிலிருந்து பிரிந்த பதிவுதான். பள்ளி அமைப்பின் நிலையை அறிய மாதிரி ஆய்வுகள் போதும். அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் பொதுத் தாள் எழுத வேண்டியதில்லை. வகுப்பறை மதிப்பீட்டின் நம்பகத்தன்மையை அருகமைப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டங்களில் வளர்க்கலாம்: ஆசிரியர்கள் விடைத்தாள்களை மாற்றிப் படித்து, ஒரே விடையை ஏன் வேறுவேறாக மதிப்பிட்டோம் என்று விவாதிப்பதன் வழியே.

அதற்கு முன், வினா தயாரிக்கும் ஆசிரியர் ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்பார்க்கும் தவறான விடைகளை எழுதி, எந்தத் தவறு வந்தால் நாளைய பாடத்தில் எதை மாற்றுவேன் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்க எதுவும் இல்லாத வினாவை எந்த அட்டவணை கோரினாலும் சேர்க்க வேண்டியதில்லை.