தவறு தானாகப் பாடமாகுமா? பித்தப்பை அறுவையை முன்வைத்து ஒரு விவாதம்

கை பழகப் பழகத் தேறும்; செய்கிற தவறுகளே பாடமாகும் என்பது அறுவை மருத்துவக் கல்வியின் நெடுநாள் நம்பிக்கை. வில்லியம் ஹால்ஸ்டெட் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேரூன்றச் செய்த ரெசிடன்சி முறையும், மாணவர் படிப்படியாகப் பொறுப்பேற்று நோயாளியிடமே தொழில் கற்பதை அடிப்படையாகக் கொண்டது. இந்த நம்பிக்கையின் முதற்பாதியில் சிக்கல் இல்லை. பிற்பாதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: செய்தது தவறு என்று செய்தவருக்குத் தெரியவர வேண்டும். அறுவையரங்கில் அது பல வேளைகளில் தெரிவதில்லை என்பதற்கு, லேப்ராஸ்கோப்பி வழியே பித்தப்பையை அகற்றும் சிகிச்சையின் வரலாறு தக்க சான்று.

ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இலும், பிரான்சில் பிலிப் மூரே 1987இலும் செய்துகாட்டிய இம்முறை சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுப்பதில் கைதேர்ந்தவர்கள்கூடப் புதிய கருவியின் முன் மாணவராயினர். அமெரிக்கத் தென்மாநில அறுவை மருத்துவர் குழுவினர் 1,518 நோயாளிகளைப் பற்றி 1991இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒவ்வோர் அணியும் முதலில் கையாண்ட 13 பேரிடையே பித்தநாளக் காயம் 2.2 விழுக்காடு, அடுத்து வந்தோரிடையே 0.1 விழுக்காடு. பழக்கத்தின் பயனுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கத்துக்கான விலையை முதல் வரிசை நோயாளிகள் கொடுத்தார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

காயங்கள் அதன்பின் அடியோடு மறைந்துவிடவில்லை. காரணத்தை லாரன்ஸ் வேயும் உடனாய்வாளர்களும் 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்து 2003இல் விளக்கினர். அவற்றில் 97 விழுக்காட்டுக்குக் காட்சி மயக்கமே மூலகாரணம். கைத்திறன் குறைவால் நேர்ந்தவை 3 விழுக்காடு மட்டுமே. மயக்கம் நேரும் விதம் இது. பித்தப்பையின் கழுத்துப் பகுதியைப் பக்கவாட்டில் இழுக்காமல் மேல்நோக்கியே இழுத்தால், பித்தப்பை நாளமும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். திரையில் பார்ப்பவர் பொது நாளத்தையே பித்தப்பை நாளமென்று கொள்வார். பிறகு கிளிப் பிசகாமல் விழும், வெட்டு சுத்தமாக இருக்கும், ரத்தக்கசிவும் இராது. நல்ல கை தவறான நாளத்தை நேர்த்தியாக அறுத்துவிடும். பெரும்பாலான காயங்கள் அறுவையின்போது கண்டறியப்படவே இல்லை. இத்தகைய தவறு, செய்தவரின் நினைவில் வெற்றியாகவே பதிகிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் துணிச்சல் வளரும், அறிவு வளராது.

எனவே தவறைக் காணும் ஏற்பாடு வெளியிலிருந்து வர வேண்டும். ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் முன்வைத்த விதி அப்படிப்பட்டது. பித்தப்பை நாளத்தை ஒட்டிய கேலோ முக்கோணம் என்ற பகுதியின் கொழுப்பும் நாரும் நீக்கப்பட வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் நுழைவது தெரிய வேண்டும். மூன்றும் நிறைவேறும்வரை எதையும் அறுக்கக் கூடாது. 'இதுதான்' என்று கண் முடிவுகட்டிய பிறகும் கையைக் காத்திருக்கச் செய்வதே இவ்விதியின் பயன்.

நீல் சேமூர் குழுவினர் 2002இல் 16 ரெசிடென்ட் மருத்துவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வும் இத்தகைய வெளி ஏற்பாட்டின் தேவையையே வலியுறுத்துகிறது. ஒரு பிரிவினர், தேர்ந்தவர்களின் தரத்தை எட்டும்வரை மெய்நிகர் கருவியில் பழகினர். பின்னர் நோயாளிகளிடம் பித்தப்பையைப் பிரித்தெடுத்தபோது அவர்கள் 29 விழுக்காடு விரைவாகச் செய்தனர். மற்றப் பிரிவினரின் தவறுகள் ஏறத்தாழ ஆறு மடங்கு. கவனிக்க வேண்டியவை இரண்டு: பயிற்சியின் முடிவைத் தீர்மானித்தது தரம், மணிக்கணக்கு அன்று; தவறுகளை எண்ணியவர்கள், யார் எந்தப் பிரிவு என்றறியாமல் வீடியோவைப் பார்த்த பிறர்.

கருவியில் அழற்சியும் ஒட்டுத்திசுவும் எதிர்பாராத ரத்தப்போக்கும் உயிருள்ள உடலில் இருப்பதுபோல் இராது என்ற மறுப்பு நியாயமானது. நோயாளியின் உடலில் கற்பதை முற்றாகத் தவிர்க்க முடியாது. ஆகவேதான் அங்கு நேரும் தவறு ஒளிவின்றிப் பேசப்பட வேண்டியிருக்கிறது. சார்லஸ் பாஸ்க் 1979இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு காட்டியபடி, மூத்தவர்கள் இளையவரின் கைத்தவறைப் பொறுத்துக்கொள்கிறார்கள், மறைத்ததைப் பொறுப்பதில்லை. ஆனால் தமக்கே தெரியாத தவறை எவரும் சொல்ல முடியாது. நேர்மையும் இங்கே போதாது. வீடியோப் பதிவும் அதைப் பார்க்கும் இன்னொரு கண்ணும் தேவை.

முதுநிலை மாணவரின் லாக்புக்கில் எத்தனை அறுவைகள் என்ற எண்ணிக்கைக்கே இன்று மதிப்பு அதிகம். அவற்றுள் எத்தனையைப் பிறர் பார்த்துத் திருத்தினர் என்பதையும் அதே ஏட்டில் பதியச் சொன்னால், பழக்கத்தைப் பயிற்சியிலிருந்து பிரித்தறிய ஓர் அளவுகோல் கிடைக்கும்.