கேமராவைத் தயாராக வைத்திருங்கள்

இரவு விடுதி ஒன்றுக்குள் பெற்றோர்களைச் சுற்றிக்காட்ட ஒருவன் கூட்டிப்போகிறான். உங்க பிள்ளைங்க ராத்திரியில என்ன பண்றாங்கன்னு நீங்களே பாருங்க, என்கிற தொனி. சிரிப்பு வாயு நிரப்பிய பலூன்களோடு நிற்பவர்களைக் காட்டுகிறான். கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறான். உடனே டிரம் படபடவென்று உருள்கிறது. அதுதான் ஃபிளாஷ்.

கிரீன் வெல்வெட் 1995-இல் வெளியிட்ட 'ஃபிளாஷ்' இது. முதல் தடவை கேட்டபோது அந்தப் பெற்றோரை நினைத்துத்தான் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது: இந்தப் பாட்டு ஒலிப்பதே அப்படிப்பட்ட விடுதிகளில்தானே! தங்களைக் கிண்டலடிக்கும் குரலுக்குத்தான் கூட்டம் குதிக்கிறது.

கிரீன் வெல்வெட்டின் சொந்தப் பெயர் கர்டிஸ் ஜோன்ஸ். சிகாகோக்காரர், கறுப்பினத்தவர். வேதிப்பொறியியல் படித்துவிட்டு, பெர்க்லியில் சேர்ந்த மேற்படிப்பை 1991-இல் உதறிவிட்டு ஊர் திரும்பினார். பச்சை மோஹாக் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக மேடையேறும் கோமாளி வேஷம் பிறகு வந்தது.

ஆனால் அவருடைய பேச்சு கோமாளியிடமிருந்து தொடங்கவில்லை, பிரசங்கத்திலிருந்து தொடங்கியது. 1993-இல் வந்த 'பிரீச்சர் மேன்' பாட்டில் கேட்பது சி. எல். ஃபிராங்க்ளினின் குரல். டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர், பாடகி அரீதாவின் அப்பா. கறுப்பினத் தேவாலயப் பிரசங்கம் சாதாரணப் பேச்சாகத் தொடங்கி, சபையின் பதில் குரல்களோடு ஏறி ஏறி, கிட்டத்தட்ட பாட்டாகவே ஆகிவிடும். தாளம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஜோன்ஸ் மெட்டு, கோரஸ் எதையும் சேர்க்காமல் அடியில் டிரம்மை மட்டும் ஓடவிட்டார். மினிமல் டெக்னோவை வறட்டு இசை என்று திட்டுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். அந்த வெறுமை ஒரு மனிதன் நின்று பேசுவதற்கான இடம்.

அந்த இடத்தில் பிறகு ஜோன்ஸே நின்றார். 1997-இல் 'ஆன்சரிங் மெஷின்': போனில் பதிவான கெட்ட செய்திகள் ஒவ்வொன்றாக வருகின்றன, கேட்பவன் பொறுமை இழக்கிறான். 2001-இல் 'லா லா லேண்ட்': போதை மாத்திரை போட்டு விருந்து விருந்தாக அலைகிறவன் பேசுகிறான். எச்சரிக்கைதான், ஆனால் மாத்திரை போட்டவர்களுக்கும் அது கொண்டாட்டப் பாட்டாகிவிட்டது. பகடிக்கு இதைவிடப் பெரிய தோல்வி உண்டா? வெற்றி என்றும் சொல்லலாம். வெளியே நின்று திட்டியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

பின்னாளில், தான் மறுபிறப்படைந்த கிறிஸ்தவன் என்று ஜோன்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு 'பிரீச்சர் மேன்' பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கிண்டல் என்று நான் நினைத்திருந்த இடத்தில் இந்த முறை சிரிப்பு வரவில்லை.