நெய்வேலி மணற்பாறையும் செயற்கை நுண்ணறிவு முதுநிலைப் படிப்பும்

1957 மே 20 அன்று நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நடந்த போராட்டம் தமிழகத் தொழில் வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய பகுதி. ஜெர்மனியிலிருந்து வந்த, சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் அங்குள்ள மென்மையான மண்ணுக்காக வடிவமைக்கப்பட்டவை. நெய்வேலியில் அவை எதிர்கொண்டது உப்புத்தாளைப் போல இரும்பையே உரசித் தின்னும் கடலூர் மணற்பாறையை. வாளிகளின் பற்கள் விரைவிலேயே தேய்ந்து போயின. பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்துவது, பற்களின் வடிவத்தை மாற்றுவது, அவற்றின் மீது கடினமான உலோகப் பூச்சு ஏற்றுவது என்று படிப்படியாக வழி கண்டார்கள். நிலவியல் அறிந்தவர், உலோகவியல் அறிந்தவர், வெடிமருந்து கையாளத் தெரிந்தவர், இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டியவர் ஆகிய நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்காது.

செயற்கை நுண்ணறிவில் முதுநிலைப் பட்டம் படிக்க நினைக்கும் இளைஞர்களுக்கும், அத்தகைய படிப்பை வகுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இந்த வரலாறு நேரடியாகப் பொருந்தும். வேறொரு நாட்டின் தரவில் பயிற்சி பெற்ற கணினி மாதிரி, வேறொரு மண்ணுக்காகச் செய்த எக்ஸ்கவேட்டரின் நிலையில்தான் இங்கே வந்து இறங்குகிறது. அதை இந்த மண்ணுக்கு ஏற்ப மாற்றுபவருக்குக் கணினி அறிவு, கள அறிவு இரண்டும் வேண்டும். ஆகவே பல்துறைப் படிப்பு என்பது கணினி அறிவியலில் இடம் கிடைக்காதவர்களுக்கான மாற்று வழி அல்ல; நெய்வேலி போன்ற ஊருக்கு அதுவே முதன்மையான வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

செயற்கை நுண்ணறிவு என்ற துறை பிறந்ததே பல துறைகள் கூடித்தான். 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடந்த கூட்டத்தில்தான் அதற்குப் பெயர் நிலைத்தது. அந்தக் கூட்டத்தில் பங்கேற்ற ஹெர்பர்ட் சைமன் அரசியல் அறிவியல் படித்தவர். 1978-இல் பொருளாதார நோபல் பெற்றார். 2024-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹிண்டன் கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் பெற்றது உளவியலில். நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ராஜ் ரெட்டி. ஆந்திரக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் பொறியியல் பட்டம் பெற்றவர். பின்னாளில் மனிதப் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளும் ஆய்வில் முன்னோடியாகி, 1994-இல் கணினித் துறையின் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். பேச்சை ஆராய ஒலியியலும் மொழியியலும் கணிதமும் ஒன்றாகத் தேவைப்பட்டன. கிண்டியில் படித்த சிவில் பொறியியல் அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

சுரங்கத் துறைக்கே உரிய முன்னுதாரணமும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் உருவான ‘பிராஸ்பெக்டர்’ என்ற வல்லுநர் அமைப்பு, கனிமப் படிவங்களைத் தேடும் நிலவியலாளர்களின் அறிவை விதிகளாக மாற்றிக் கணினிக்குள் வைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் டோல்மன் பகுதியில் மாலிப்டினம் இருக்கும் இடத்தை அது சரியாகச் சுட்டியது. அந்த வேலையில் நிரல் எழுதியதைவிடக் கடினமாக இருந்தது, நிலவியலாளரிடம் உட்கார்ந்து “இதை எப்படி முடிவு செய்தீர்கள்?” என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டதுதான். இந்தியாவில் 1986-இல் தொடங்கிய அறிவுசார் கணினி அமைப்புகள் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. இத்தகைய வல்லுநர் அமைப்புகளுக்கான மையமாக இருந்தது.

அதே ஐ.ஐ.டி.யில் இன்று வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன. பணியில் இருப்பவர்கள் இணையவழியில் படிக்கத் தொழில்துறைச் செயற்கை நுண்ணறிவு எம்.டெக். 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் வாத்வானி தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவுப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான ‘கேட்’ தேர்விலும் இத்துறைக்கெனத் தனித்தாள் சேர்க்கப்பட்டது. இந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம், தரவுத்தளம், இயந்திரக் கற்றல் என அதன் பாடத்திட்டம் செறிவானது. ஆனால் வருபவர் எந்தத் துறையின் சிக்கலைக் கையில் கொண்டு வருகிறார் என்பதை அது கேட்பதில்லை. நிலவியலுக்கும் சுரங்கப் பொறியியலுக்கும் கேட்டில் தனித்தனித் தாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பல்துறைப் படிப்பு என்று பெயர் வைத்தால், அந்தத் தாள்களில் நல்ல மதிப்பெண் பெற்றவரையும் சேர்த்துக்கொண்டு, கணிதக் குறையை முதல் பருவத்தில் ஈடுசெய்வதே முறை.

நெய்வேலியில் அப்படிப் படித்த ஒருவருக்கு என்ன வேலை இருக்கிறது? முதலில் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர்த்தாங்கி இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் இந்த நீரை ஆழ்குழாய்க் கிணறுகள் வழியே இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத் தளமே பிளந்துவிடும். கூடுதலாக இறைத்தாலோ மின்சாரம் வீணாகிறது, சுற்றுவட்டார விவசாயிகளின் கிணற்றில் மட்டம் இறங்குகிறது. எந்தக் கிணற்றில், எந்த நேரம், எவ்வளவு இறைப்பது என்பது கணினிக்கு ஏற்ற கணக்கு. ஆனால் நீர் பாறையில் எப்படி நகர்கிறது என்ற இயற்பியல் தெரியாத மாதிரி, பழைய பதிவுகளில் இல்லாத ஒரு மழையாண்டு வந்ததும் தடுமாறும்.

அடுத்தது கன்வேயர். ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டிய ஊர் இது. அந்த மண்ணும் நிலக்கரியும் போவது கன்வேயர் பெல்ட்டில்; பெல்ட் நின்றால் வேலையே நின்றது. பெல்ட்டின் அடியில் வரிசையாக உருளும் ரோலர்களில் ஒன்று இறுகிவிட்டால், பெல்ட் அதன்மேல் உரசிச் சூடேறும். பழுப்பு நிலக்கரித் தூளோ எளிதில் தீப்பற்றும். அனுபவமுள்ள தொழிலாளி நடந்து போகும்போதே கிறீச்சென்ற சத்தத்தை வைத்து எந்த ரோலர் என்று சொல்லிவிடுவார். ஷிப்ட் பதிவேட்டில் அது “ரோலர் இறுகிடுச்சு” என்று இரண்டே சொல்லாக, தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஆளுக்கொரு கையெழுத்தில் இறங்கும். சென்சார் தரும் எண்களோடு இந்தக் குறிப்புகளையும் இணைத்துப் படிக்கத் தெரிந்தால்தான் எந்த அதிர்வு எந்தப் பழுதின் முன்னறிகுறி என்று மாதிரிக்குக் கற்பிக்க முடியும். அதற்குத் தொழில்துறைத் தமிழின் சொல்வழக்கு தெரிந்த மொழியியல் மாணவர்கூடத் தேவைப்படுவார்.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்டது. நெய்வேலியின் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் பாய்லர் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை விபத்தில் முதல் நாளே 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. இத்தகைய விபத்தை முன்கூட்டியே அறியும் கருவி வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் இங்கேதான் வெறும் இயந்திரக் கற்றல் கைவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் நாளில் ஒரு நாள்தான் உண்மையான அபாயம் என்றும், கருவி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். அபாயமற்ற 999 நாட்களில் சுமார் 10 நாள் அது பொய்யாக அலறும். அலாரம் அடிக்கும் 11 முறையில் 10 முறை ஒன்றும் நடக்காது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நாலாவது முறையே அதைப் பொருட்படுத்தமாட்டார். கருவியைச் செய்தவருக்குப் பாய்லரின் வெப்ப இயக்கவியலும், களைத்துப்போன மனிதர் எச்சரிக்கையை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்ற உளவியலும் தெரிந்திருக்க வேண்டும். விபத்துத் தரவு போதிய அளவில் சேரட்டும் என்று காத்திருக்கும் ஆராய்ச்சி, அறம் சார்ந்து ஏற்கத்தக்கதும் அல்ல.

நிலம் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. சுரங்கம் எந்தத் திசையில், எந்த வேகத்தில் நகர வேண்டும் என்று கணினி திட்டமிடும்போது, வயலின் மதிப்பையும் அறுவடைக் காலத்தையும் அதன் கணக்கில் யார் சேர்ப்பது? வேளாண்மையும் சட்டமும் படித்தவர் அந்தக் குழுவில் இல்லையென்றால், உற்பத்தி மட்டுமே இலக்காகிவிடும்.

இதற்கு எதிர்வாதம் வலுவானதே. பல்துறை என்ற பெயரில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுவிட்டு எதிலும் ஆழமில்லாமல் வெளியேறும் மாணவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் நிரல் எழுதத் தெரியுமா என்றுதான் கேட்கின்றன. நெய்வேலிக் குடும்பங்கள் பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் குறை பாடத்திட்டம் வகுக்கப்படும் முறையில் இருக்கிறது. பத்துத் துறைகளிலிருந்து பத்து அறிமுகப் பாடங்களை அடுக்கினால் ஆழம் வராது. கணிதமும் கணிப்பியலும் முழுமையாக ஓராண்டு, பிறகு ஒரே களத்தில் ஒரே சிக்கலோடு ஓராண்டு, இரு துறைகளிலிருந்தும் ஒவ்வொரு நெறியாளர் என்று அமைத்தால் வரும். நிரல் எழுதும் வேலையில் பெரும்பகுதியை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே செய்யத் தொடங்கிவிட்டன. களம் தெரிந்தவரின் மதிப்பு இனிக் கூடத்தான் செய்யும்.

அத்தகைய படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நெய்வேலியிலிருந்து பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில், சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல், புவி அறிவியல், வேளாண்மை, மொழியியல் உயராய்வு மையம் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்த பல்கலைக்கழகங்கள் நாட்டில் அதிகம் இல்லை. 2013 முதல் அது மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது. அரசு முன்வந்தால், சுரங்க நிறுவனத்தின் நீர்மட்ட, கன்வேயர் பதிவுகளை முறையான பாதுகாப்போடு மாணவர் ஆய்வுக்குத் திறந்து, ஒரு கூட்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கிவிட முடியும். முதல் ஆண்டில் பத்துப் பேர் சேர்ந்தாலும் போதும்.

அதுவரை, எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று யோசிக்கும் மாணவர் விண்ணப்பிக்கும் முன் ஒரு கேள்வியை எழுதிக் கேட்கட்டும்: என் ஆய்வேட்டுக்குக் கணினித் துறைக்கு வெளியிலிருந்து நெறியாளராக வரப்போகிறவர் யார்? பெயரோடு பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.