பழைய கிதாரும் பேச்சிழந்த பிக்கப்பும்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த மாதிரிக் கடைகளில் எப்போதாவது பிக்கப் வைத்த பழைய அக்கூஸ்டிக் கிதார் ஒன்று கண்ணில் படும். ஒயரைச் சொருகினால் சத்தம் வராது. "அதனாலென்ன, கழற்றிப் போட்டுட்டுப் புதுசு வெச்சுக்கலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கழற்றுமுன் கொஞ்சம் சரித்திரம் பார்த்துவிடலாமே!

பிக்கப் என்பது அடிப்படையில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் இதை வைத்துச் செய்த ஹவாயன் கிதாரை ரிக்கன்பேக்கர் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1930களின் பிற்பகுதியில் ஹாரி டிஆர்மண்ட், சாதாரண கிதாரிலேயே மாட்டிக்கொள்ளும் பிக்கப்பை உருவாக்கினார். 1954இல் கிப்ஸன் கம்பெனி ஜே-160ஈ மாடலில் தொழிற்சாலையிலேயே பிக்கப்பைப் பொருத்தியது. 1962இல் ஜான் லென்னனும் ஜார்ஜ் ஹாரிசனும் வாங்கியது இதைத்தான். அடுத்த ஆண்டே தொலைந்துபோன லென்னனின் கிதார், 2015 ஏலத்தில் 24.1 லட்சம் டாலருக்குப் போனது.

இன்னொரு வகை பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று கியூரி சகோதரர்கள் 1880இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கிதாரின் பிரிட்ஜுக்கு அது வந்து சேர 1960கள் ஆயின. இதற்குத் தந்தி எஃகாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நைலானும் போதும்.

சரி, கையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்ன ஆணியை அருகில் கொண்டுபோங்கள். இழுத்தால் காந்த வகை. பிறகு மல்டிமீட்டர். நல்ல நிலையில் உள்ள காந்தப் பிக்கப் சில ஆயிரம் ஓம் காட்டும். கிப்ஸனின் பி-90 என்றால் சுமார் 8,000. ஆணியை இழுக்கிறது, ஆனால் மீட்டரில் இணைப்பே இல்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. தலைமுடியை விட மெல்லிய கம்பி, கொச்சியின் உப்புக் காற்றில் பச்சை பூத்துப் போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் முதலில் ஜாக்கையும் சால்டரிங்கையும் பாருங்கள். பல நேரம் வியாதி அங்கேதான்.

வயதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று உண்டு. செக்கின் அடியில் இருக்கும் எம்ஐசிஆர் எண்ணில் முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை இல்லையா? அதே மாதிரி அமெரிக்க வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள தகர மூடியில் ஓர் எண் இருக்கும். 1376633 என்றால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 என்பது 1966, 33 என்பது அந்த ஆண்டின் 33ஆவது வாரம். அதற்கு முன் அந்தக் குமிழ் அங்கே இருந்திருக்க முடியாது. ஆனால் பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம். அதிலும் நம் நாட்டில் நுகர்பொருள் இறக்குமதிக்கான கடைசிக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1இல்தான் விலகின. அதுவரை கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய காலம். ஆகவே உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வயது என்று நம்பிவிடக் கூடாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்? கர்ட் கோபேனைப் பாருங்கள். அவருடைய 1959ஆம் வருட மார்ட்டின் டி-18ஈ, மொத்தமே 302 செய்யப்பட்ட மாடல். அதில் டிஆர்மண்ட் பிக்கப்புகள். வெண்கலம் சுற்றிய தந்திகளில் உள்ளிருக்கும் எஃகை மட்டுமே காந்தம் உணரும் என்பதால் அக்கூஸ்டிக் தந்திகளோடு அவை சரியாக ஒத்துப்போவதில்லை. கோபேன் வட்டத் துளையில் பார்டோலினி பிக்கப் ஒன்றைக் கூடுதலாக மாட்டிக்கொண்டார். பழையவை அதே இடத்தில் இருந்தன. 1993 நவம்பர் 18 அன்று எம்டிவி நிகழ்ச்சியில் வாசித்த அந்தக் கிதார், 2020 ஜூனில் 60.1 லட்சம் டாலருக்கு விற்றது.

வாசித்தவர் பெயருக்குத்தான் அந்த விலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி எல்லோருக்கும் பொருந்தும். துளையில் இறுக்கிக்கொள்ளும் புது பிக்கப்பை வையுங்கள். ஒயரைத் துளை வழியாகவே வெளியே விடுங்கள். ஜாக்குக்காக மரத்தில் போட்ட ஓட்டையை யாராலும் திரும்ப அடைக்க முடியாது. அறுந்த சுருளையோ மறுபடி சுற்றிக்கொள்ளலாம், பி-90க்குச் சுமார் 10,000 சுற்று.

பிக்கப் என்ன பெரிய விஷயம் என்று தோன்றினால் மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் சட்டென்று அடங்கிவிடும் வாத்தியம் அது. மின் மாண்டலினில் நாதம் நீண்டு நின்றதால்தான் அவருக்குக் கமகம் வசப்பட்டது. 2014இல் அவர் மறையும்வரை அந்த நாதம் ஒரு பிக்கப் வழியாகத்தான் சபைக்கு வந்தது.

எனவே கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பிக்கப், குமிழ், திருகு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, கிதார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார். பழைய வாத்தியத்துக்கு அதன் பழைய பாகம்தான் வவுச்சர்.