வர்ஜீனியாவில் குடிவழித் தேடல்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றம் 1607இல் வர்ஜீனியாவில் அமைந்தது. அங்கு வாழ்ந்த குடும்பங்களின் வம்சாவளியை நீதிமன்ற ஏடுகள், நிலப் பத்திரங்கள், உயில்கள், வரிப் பட்டியல்கள் ஆகியவற்றைக் கொண்டு நிறுவும் முயற்சியே இக்கட்டுரையின் பொருள். பத்திரப் பதிவு, உயிலை மெய்ப்பித்தல், திருமண உரிமம், வரி ஆகிய எல்லாமே கவுண்டி எனப்படும் ஆட்சிப் பிரிவின் நீதிமன்றத்தைச் சார்ந்திருந்தன. எனவே மூதாதையரின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அவர் குடியிருந்த நிலம் எந்த ஆண்டில் எந்தக் கவுண்டியைச் சேர்ந்திருந்தது என்பதும் தெரிய வேண்டும். தேடல்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

1634இல் எட்டுக் கவுண்டிகள் ஏற்பட்டன. குடியேறிகள் மேற்கே நகர நகர நீதிமன்றத்துக்குப் போய்வருவதே பெரும் பயணமாயிற்று. மக்கள் மனு கொடுத்தனர், சட்டசபை கவுண்டியைப் பிரித்துக் கொடுத்தது. பிரிந்த கவுண்டி புது ஏட்டைத் தொடங்கும். பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். பெயர்களும் நிலைக்கவில்லை. முதல் எட்டில் ஒன்றான அக்கமாக் 1643இல் நார்தாம்ப்டன் ஆயிற்று. இருபது ஆண்டு கழித்து அதிலிருந்து ஒரு பகுதி பிரிந்து, மீண்டும் அக்கமாக் என்ற பெயரையே சூடிக்கொண்டது. ஃபின்காசில் கவுண்டி 1772இல் பிறந்து 1776இன் முடிவில் மூன்றாக உடைந்து மறைந்தது. அதன் ஏடுகள் மூன்றில் ஒன்றான மான்ட்கோமரியிடம் சேர்ந்தன. இன்னொரு பங்கான கென்டக்கி 1792இல் தனி மாநிலமாயிற்று. சட்டத்தில் பிறந்த நாளும் நீதிமன்றம் கூடிய நாளும் ஒன்றாக இருப்பதில்லை. அகஸ்டா கவுண்டிக்கான சட்டம் 1738இல் வந்தாலும் அதன் நீதிமன்றம் 1745இல்தான் கூடியது; இடைப்பட்ட ஆண்டுகளின் பத்திரங்களை ஆரஞ்ச் கவுண்டியில் தேட வேண்டும். பென்சில்வேனியாவோடு எல்லைத் தகராறு இருந்த யோகொகேனியா கவுண்டியின் நிலை இன்னும் விசித்திரமானது. எல்லை முடிவானபோது அதன் பெரும்பகுதி பென்சில்வேனியாவுக்குப் போயிற்று. 1786இல் கவுண்டியே இல்லாமல் போயிற்று.

ஆபிரகாம் லிங்கனின் குடும்பத்தில் இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் பார்க்கலாம். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜான் லிங்கன் 1768இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து, அகஸ்டா கவுண்டியின் லின்வில் ஓடைக்கரையில் நிலம் வாங்கினார். 1778இல் அப்பகுதி ராக்கிங்ஹாம் கவுண்டியானது. குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்க, கவுண்டிதான் மாறியது. தாத்தா ஆபிரகாம் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் பெயர்ந்தார். 1786இல் பழங்குடியினரின் தாக்குதலில் இறந்தார். மூத்த மகனுக்கே நிலம் என்ற பழைய வாரிசு முறையை வர்ஜீனியா அதற்குள் ஒழித்துவிட்டிருந்தது, ஆனால் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரியில். அந்தச் சில மாத இடைவெளியால் நிலம் மூத்தவர் மார்டெகாயைச் சேர்ந்தது. கடைசி மகன் தாமஸ், அதாவது குடியரசுத் தலைவரின் தந்தை, வெறுங்கையோடு நின்றார். பதிவேட்டில் ஒரு மகனின் பெயர் இல்லாததால் அவன் பிறக்கவே இல்லை என்று முடிவு கட்டுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

தாமஸுக்கும் நான்சி ஹாங்க்ஸுக்கும் 1806இல் திருமணம் நடந்தது. மகன் பிறந்தது ஹார்டின் கவுண்டி என்பதால் எல்லோரும் அங்கேயே தேடினார்கள். கிடைத்ததோ தாமஸின் 1819ஆம் ஆண்டு இரண்டாம் திருமணப் பதிவு. முதல் திருமணம் நடக்கவே இல்லை என்ற வம்பு பரவ இது போதுமானதாக இருந்தது. திருமணத்துக்கான பிணைப்பத்திரத்தை மணப்பெண் இருக்கும் கவுண்டியில் கொடுப்பதே வழக்கம். நான்சி உறவினருடன் வாழ்ந்தது வாஷிங்டன் கவுண்டியில். 1878இல் அங்குள்ள எழுத்தர் அலுவலகத்தில் அந்தப் பத்திரம் கிடைத்தது. அதற்குள் லிங்கன் இறந்து 13 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் பிறந்த இடமும் இன்று ஹார்டினில் இல்லை. 1843இல் உருவான லரூ கவுண்டியில் இருக்கிறது.

சரியான கவுண்டியைக் கண்டுபிடித்தாலும் ஏடு இருக்க வேண்டுமே. ஆய்வாளர்கள் ‘எரிந்த கவுண்டிகள்’ என்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நியூ கென்ட் கவுண்டியின் சிறையையும் எழுத்தர் அலுவலகத்தையும் 1787இல் ஜான் பிரைஸ் போசி என்பவர் கொளுத்தினார், அதற்காகத் தூக்கிலிடப்பட்டார். உள்நாட்டுப் போரின்போது பல கவுண்டிகள் தம் ஏடுகளைப் பாதுகாப்புக்கென ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்நகரமே எரிந்தபோது ஜேம்ஸ் சிட்டி, ஹானோவர் கவுண்டிகளின் ஏடுகளும் எரிந்தன. எந்தக் கட்டடம் ஆபத்தென்று ஏடுகளை வெளியே அனுப்பினார்களோ, அந்த ஹானோவர் நீதிமன்றக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மாறாக, நார்தாம்ப்டனில் 1632 முதல் ஏடுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஆங்கிலேய அமெரிக்காவில் இவ்வளவு பழைய தொடர் வேறில்லை. வர்ஜீனியாவின் 1790ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கும் அழிந்துவிட்டது. 1800ஆம் ஆண்டுக் கணக்கில் எஞ்சியவை இரண்டு கவுண்டிகளே.

ஆகவே கவுண்டிக்கு வெளியே இருந்த ஆவணங்கள் மதிப்புப் பெற்றன. 1782இல் தொடங்கும் வரிப் பட்டியலின் ஒரு படி தலைநகருக்குச் சென்றது. கவுண்டியில் தீப்பிடித்தாலும் அது பிழைத்தது. நிலமானிய ஏடுகளும் தலைநகரிலேயே இருந்தன. ஓர் ஆளை அழைத்துவந்தவருக்கு 50 ஏக்கர் என்ற விதியால், வந்தவர்களின் பெயர்கள் மானியங்களில் இடம்பெற்றன. 1630களின் மானியம் ஒன்றில் ‘கிழக்கிந்தியர் டோனி’ என்றொரு பெயர் உண்டு. அவர் சோழமண்டலக் கரையிலிருந்து போனவரா என்பதை அந்த ஒற்றை வரி சொல்வதில்லை. ஆங்கிலத் திருச்சபையின் பங்குகள் நான்காண்டுக்கு ஒருமுறை அண்டைவீட்டாரை நிலத்தின் எல்லையில் நடக்கவைத்து, மரங்களிலுள்ள குறிகளைப் புதுப்பித்தன. யார் நிலத்தை ஒட்டி யார் நிலம் என்பதைப் பங்குச் சபையின் ஏடு காட்டிவிடும். லண்டனிலும் எதிர்பாராத ஒரு களஞ்சியம் உண்டு. விடுதலைப் போருக்கு முந்தைய கடன்களைக் கேட்டு பிரிட்டிஷ் வணிகர்கள் வழக்காடியபோது, கடனாளிகள் எங்கே போனார்கள் என்று முகவர்கள் விசாரித்து எழுதினர். ஊரைவிட்டுப் போனவரைப் பற்றி உறவினரைவிடக் கடன் கொடுத்தவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் வில்லியம் வாலர் ஹெனிங். 1619 முதல் 1792 வரையிலான வர்ஜீனியச் சட்டங்களை அவர் 13 தொகுதிகளாக வெளியிட்டார். எந்தக் கவுண்டி எப்போது எதிலிருந்து பிரிந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். 1890இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கம் தொடங்கி, உறுப்பினராக வம்சாவளிச் சான்று கேட்டதால் தேடல் பெருகியது. அவசரத்தில் புனைந்த வம்சாவளிகளும் பெருகின. நெல் மரியன் நியூஜென்ட் நிலமானியச் சுருக்கங்களை 1934இல் அச்சிட்டார். சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய எல்லை வரைபடத் தொகுப்பில் இன்று எந்த நாளுக்கும் உரிய கவுண்டி எல்லையைப் பார்க்க முடிகிறது.

மேற்சொன்ன வழிகளெல்லாம் சுதந்திர மனிதர்களுக்கே பொருந்தும். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662இன் சட்டம் விதித்தது. அதன்பின் அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் அவள் உடைமையாளரின் சொத்துப் பட்டியலில் மாடு, மரச்சாமான்களுடன் விலை குறிக்கப்பட்ட முதற்பெயர்களாகவே வருகிறார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகள் அந்தப் பெயரையும் விட்டுவிட்டு வயது, பால், நிறம் மட்டும் எழுதின. விடுதலையான மக்கள் அனைவரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கு 1870இனுடையது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் உடைமையாளரின் குடும்பத்தையே பின்தொடர வேண்டும். அவர் தம் மகளுக்குச் சீதனமாக ஒரு பெண்ணை அனுப்பியிருந்தால், அந்தப் பெண்ணின் அடுத்த பதிவு மருமகனின் கவுண்டியில், மருமகனின் பெயருக்குக் கீழே இருக்கும்.